முதல் பிடி

காலை பதினொரு மணிக்கு எங்களுடைய ஒரே குற்றவாளி நிரபராதி ஆகிவிட்டார்.

மூன்று நாள் அலைந்து, வெயிலில் காய்ந்து, மதியச் சாப்பாட்டை மாலை நாலு மணிக்குச் சாப்பிட்டு, அரும்பாடுபட்டு நாங்கள் பிடித்து வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். அவரைக் காப்பாற்றியது வக்கீல் இல்லை, சாட்சியும் இல்லை. என் அத்தான்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் தீ விபத்துகளையும் காணாமல் போன சரக்குகளையும் விசாரித்தவர். யாரையும் நம்பாத பழக்கம் முற்றிப்போனதும் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் அவருடைய உதவியாளன். திறமையைப் பார்த்து எடுத்தார் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அக்கா ஒரு வார்த்தை சொன்னாள், அத்தான் மறுபேச்சுப் பேசவில்லை. உலகத்தில் அவர் விசாரிக்காமல் நம்புவது அவளை மட்டும்தான்.

அப்போது நாங்கள் நின்றிருந்தது காபிக்கொட்டை வறுத்து விற்கும் ஒரு கடையின் பின்பக்கக் குடோன். சுவரோரமாக நாற்பது கோணி மூட்டைகள். அத்தான் ஒவ்வொரு மூட்டையின் வாயையும் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்து, நாற்பதாவதுக்கு வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இதுவும் அவங்க தச்சதுதான்" என்றார்.

அவங்க என்றால் எங்களை வேலைக்கு அமர்த்தியவர், மலைப்பக்கத்துச் சிறு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பையோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். செயலாளரம்மா இடதுகைக்காரர். நாற்பது மூட்டைக்கும் கோணி ஊசி பிடித்துத் தைத்தது அவர் ஒருவர்தான். வலதுகைக்காரர்கள் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும். இவர் தைத்தது மறுபக்கம் சாய்ந்திருந்தது. நாற்பதிலும் அப்படியே இருந்தது. கடைக்காரர் உள்ளே இருப்பதைக் குத்தூசியால் குத்தி எடுத்துத்தான் பார்த்திருந்தாரே தவிர, ஒரு மூட்டையின் வாய்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

"வெட்டிட்டு அதே மாதிரி திருப்பித் தச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன். மூன்று நாள் உழைப்பை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"நேத்து மண்டிக்காரர் குடோன்ல அரை மணி நேரம் நின்னேன். அங்க மூட்டை தைக்கிற எட்டு பேரும் வலதுகை. அவசரத்துல திருடுறவன் ஊசியக் கை மாத்திப் பிடிச்சு நாற்பது மூட்டை தைப்பானா?"

செயலாளரம்மா ஓரடி உள்ளே வந்து, "அப்ப அவரு இல்லையா?" என்று கேட்டார். கையில் இருந்த பொருளை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அவருக்குத் திருடன் மண்டிக்காரராகவே இருக்க வேண்டியிருந்தது. மலையில் சின்னச் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் காபிக்கொட்டையை மண்டிக்காரரிடம்தான் போட்டுவந்தார்கள். அவர் எல்லாருடையதையும் ஒரே குவியலாகக் கொட்டச் சொல்வார். அவர் சொன்னதுதான் விலை. இந்த வருஷம் செயலாளரம்மா ஐம்பத்தேழு வீட்டுப் படி ஏறி இறங்கி, நடுவில் ஆள் வேண்டாம், நேராகக் கடைக்கே கொடுப்போம் என்று சம்மதிக்க வைத்திருந்தார். இந்தக் கடைக்காரர் இரண்டு கிலோ சாம்பிள் வாங்கி வறுத்துக் குடித்துப் பார்த்துச் சொக்கிப்போய், மண்டி விலையைப் போல ஒன்றரை மடங்கு தருவதாக ஒப்பந்தம் போட்டார். சாம்பிள் மாதிரியே சரக்கு இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. மூட்டைகள் வந்து இறங்கின. குத்தி எடுத்து வறுத்துக் குடித்தார். அது வேறு காபியாக இருந்தது.

வழியில் லாரியின் அச்சு முறிந்து ஒரு நாள் முழுக்க மண்டிக்காரர் குடோன் வாசலில் நின்றிருக்கிறது. இதைக் கேட்டதும் செயலாளரம்மா நேராக அங்கே போய், கூலியாட்கள் முன்னால் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டார். போனவர்கள் போனவர்களாகவே இருக்கட்டும், ஒரு பிடி கொட்டைகூட இனி அந்தச் சங்கத்திடம் வாங்கமாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டார். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு லாரி வரும். அதற்குள் மூட்டை மாறிய கதை தெரியாவிட்டால் கடைக்காரர் சரக்கைத் திருப்பி ஏற்றிவிடுவார். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று ஐம்பத்தேழு வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டியவர் இந்த அம்மாதான்.

"மாப்ளே, முதல்லேர்ந்து வா" என்றார் அத்தான்.

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முதலிலிருந்து என்றால் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, என் கையெழுத்தை நானே படிக்க முடியாமல் திணறுவது. முதல் நாள் செயலாளரம்மாவிடம் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் வாசித்தேன். மூட்டையைத் தைத்தது யார்? நான்தான். லாரியில் ஏற்றும்போது கூட இருந்தது யார்? நான்தான். கடைக்கு அனுப்பிய சாம்பிளில் யாராவது கை வைத்தார்களா? எங்க ஆளுங்களத் தவிர யாரும் தொடல. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நானே சரி போட்டிருந்தேன்.

"மூட்டை மாறல. அப்ப நாக்கைப் பார்ப்போம்" என்று அத்தான் உள்ளே நடந்தார்.

ருசி பார்க்கும் அறை என்று அவர்கள் சொன்னது ஒரு நீள மேசை, ஒரு வெந்நீர்க் கெட்டில், வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், துப்புவதற்கு ஒரு பாத்திரம். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது, தூங்காத கண். எங்களைப் பார்த்ததும் மறுபடியுமா என்பது போல மூச்சு விட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. செயலாளரம்மாவின் சிரித்த முகத்தை அச்சடித்து ஆயிரக்கணக்கில் காபிப் பாக்கெட் தயார் செய்து வைத்திருந்தார். அந்த அட்டைப்பெட்டிகள் வராந்தாவில் ஆள் உயரத்துக்கு நின்றன. சரக்கு வந்து இறங்கும்வரை அவரை அக்கா என்று கூப்பிட்டவர், இப்போது மேடம் என்று கூப்பிட்டார்.

அத்தான் ஐந்து கோப்பை கேட்டார். மூன்றில் சாம்பிள் காபி, இரண்டில் மூட்டைக் காபி. எது எதில் என்று அடியில் நான் குறித்து வைத்தேன். கடைக்காரர் முதுகைத் திருப்பி நின்றார். பிறகு வந்து ஒவ்வொரு கோப்பையிலும் கரண்டியால் எடுத்து உறிஞ்சினார். சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் வீட்டில் நான் இப்படிக் குடித்திருந்தால் அக்கா தலையில் குட்டியிருப்பாள். ஐந்தையும் சரியாகச் சொன்னார். இடம் மாற்றி வைத்தோம். மறுபடியும் ஐந்துக்கு ஐந்து.

"ஒண்ணு தேன் மாதிரி இறங்குது. இன்னொண்ணுல பழைய அட்டை வாசனை. நானா கற்பனை பண்ணிச் சொல்லுறேன்? எனக்கு என்ன சார் லாபம்?" என்றார்.

அத்தான் என்னிடம் திரும்பினார். நான் கையை விரித்தேன். "மூட்டைய யாரும் தொடல. நாக்கும் சரியா இருக்கு. அப்ப கோணிக்குள்ள கொட்டை தானாவே மனசு மாறிடுச்சு. பேயோட்டுறவர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க அத்தான், கேஸை அவர்கிட்ட குடுத்துட்டு நாம சாப்பிடப் போலாம்."

அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். மணி இரண்டு ஆனது. இரண்டரை ஆனது. அவர் சுவரைப் பார்க்கிறார், கடைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் இரண்டு பேரையும் பார்க்கிறேன். வேலை இல்லாத கை சும்மா இருக்காது. குத்தூசியால் எடுத்த மூட்டைக் கொட்டையில் ஒரு பிடியை ஒரு ஸ்டீல் தட்டில் போட்டு மடியில் வைத்து அசைத்துக்கொண்டிருந்தேன். தட்டு சாய்ந்தது. பெரும்பாலான கொட்டைகள் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்க, ஐந்தாறு மட்டும் கடகடவென்று உருண்டு தரையில் விழுந்து மேசைக்கடியில் ஓடின.

கடைக்காரர் முறைத்தார். நான் குனிந்து பொறுக்கப் போனேன்.

"நில்லு" என்றார் அத்தான். "மறுபடி சாய்."

"எதை?"

"தட்டை. அதே மாதிரி."

சாய்த்தேன். இன்னும் நான்கு உருண்டன. அத்தான் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் வைத்துப் பார்த்தார். எல்லாக் கொட்டைக்கும் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், இதற்கு இல்லை. சின்னக் கோலிக்குண்டு மாதிரி இருந்தது.

இது என்ன என்று அவர் கேட்க, கடைக்காரர் சலிப்போடு சொன்னார். ஒரு காபிப் பழத்துக்குள் இரண்டு கொட்டை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்வதால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். சில பழங்களில் ஒன்று மட்டும் வளரும். இடிக்க ஆள் இல்லாததால் அது உருண்டையாகிவிடும். எந்தத் தோட்டத்திலும் பத்துப் பழத்துக்கு ஒன்று அப்படி இருக்கத்தான் செய்யும்.

"எந்தத் தோட்டத்திலும்?"

"எந்தத் தோட்டத்திலும் சார். நம்மளக் கேட்டுட்டா செடி காய்க்குது?"

அத்தான் எழுந்து அலமாரிக்குப் போனார். அங்கே மீதி சாம்பிள் ஒரு கண்ணாடி ஜாடியில், தேதி ஒட்டி, மூன்று நாளாக எங்கள் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருந்தது. யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. மூட்டையை எதோடு ஒத்துப் பார்க்கிறோமோ அதை யார் சந்தேகப்படுவார்கள்? அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டார்.

"சாய், மாப்ளே."

மெதுவாகச் சாய்த்தேன். ஒன்றும் நகரவில்லை. இன்னும் சாய்த்தேன். மொத்தமும் கூட்டமாகச் சரிந்து ஓரத்தில் வந்து நின்றதே தவிர, ஒன்றுகூட உருளவில்லை. இன்னொரு பிடி போட்டோம். அதிலும் இல்லை. கடைக்காரர் என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டார். விரலால் கிளறினார். ஜாடிக் கொட்டையில் உடைந்தது இல்லை, கறுத்தது இல்லை, பூச்சி அரித்தது இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம்.

"இப்படி எந்தச் செடியும் காய்க்காது" என்றார் மெதுவாக.

"காய்க்காது" என்றார் அத்தான். "கை வச்சிருக்காங்க. ஆனா மூட்டைல இல்ல, ஜாடில. நல்லதை எடுத்துட்டுக் கெட்டதை வச்சவனை மூணு நாளாத் தேடினோம். அப்படி ஒருத்தன் கிடையாது. கெட்டதை எடுத்துட்டு நல்லதை வச்சவங்களத்தான் தேடியிருக்கணும்."

என் நோட்டுப் புத்தகத்தில் நானே சரி போட்ட வரி ஞாபகம் வந்தது. எங்க ஆளுங்களத் தவிர யாரும் தொடல. அந்த அம்மா முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டார். எழுதிக்கொண்ட மடையன் நான்தான்.

செயலாளரம்மா வராந்தாவில், தன் முகம் அச்சடித்த அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னோம். அத்தான் தட்டைக் காட்டி, சாம்பிள் எப்படி எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். வீட்டுக்கு ஒரு பிடி கேட்டு வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் தட்டில் கொட்டி, சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார்கள். கோணல், கறுப்பு, சொத்தை எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. உருண்டையாக இருந்ததை ஊனம் என்று நினைத்து அதையும் எடுத்தாயிற்று.

"மொத மொதல்ல நம்ம பேரைச் சொல்லி ஒருத்தருக்குக் குடுக்கிறோம். இருக்கிறதுலயே நல்லதைத்தானே சார் குடுக்கணும்?" என்றார்.

"மூட்டைல போட்டதை ஏன் பொறுக்கல?"

"மண்டில பொறுக்கிக் குடுத்தாலும் அதே குவியல்தான், பொறுக்காம குடுத்தாலும் அதே குவியல்தான். எங்க ஊர்ல மூட்டைக்கு யாரும் பொறுக்கினதே கிடையாது. பொறுக்கணும்னு யாரும் சொன்னதும் கிடையாது."

சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கே புரிந்தது. மேசை மேலிருந்த இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. எனக்கு அந்த நிமிஷம் இந்தத் தொழிலே வெறுத்துப் போயிற்று. எங்களைக் கூப்பிட்டு வந்தவரையே நாங்கள் பிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

"அந்த உருண்டைய எல்லாம் என்ன பண்ணீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நாங்களே வறுத்துக் குடிச்சிட்டோம்."

கடைக்காரர் கதவைத் திறந்து கடையின் முன்பக்கத்தைக் காட்டினார். கல்லாவுக்குப் பின்னால், எல்லாவற்றுக்கும் மேல்தட்டில், ஒரு சின்னப் புட்டி நிறைய உருண்டைக் கொட்டைகள். அந்தக் கடையிலேயே விலை அதிகமான காபி அதுதான். செயலாளரம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு கடைக்காரருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் திருடன் மேல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கொட்டினார். பாக்கெட் அடித்ததையும், வாடிக்கையாளர்களிடம் வாக்குக் கொடுத்ததையும், நண்பர்கள் நேரடியாக வாங்காதே என்று சொன்னபோது சண்டை போட்டதையும் சொன்னார். எனக்குக்கூட ஜோக் எதுவும் வரவில்லை.

அவர் ஓய்ந்ததும் செயலாளரம்மா கேட்டார். "நாற்பது மூட்டையையும் இந்த ஜாடி மாதிரியே பொறுக்கிக் குடுத்தா, திரும்பக் குடிச்சுப் பார்ப்பீங்களா தம்பி?"

"அவ்வளவையும் எப்ப பொறுக்கி முடிப்பீங்க?"

"வீட்டுக்கு முக்கால் மூட்டைகூட வராது. பத்து நாள் குடுங்க."

"கழிச்சுட்டா ஆறு மூட்டையாவது குறையும்."

"குறையட்டும். உருண்டையத் தனியா கட்டித் தர்றோம்."

கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால். மேசையில் சரக்கைத் திருப்பி அனுப்பும் தாள் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதை எடுத்தார். கிழிக்கவில்லை. நான் கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். தேதியை மட்டும் அடித்துவிட்டுப் பத்து நாள் தள்ளி எழுதினார்.

"பத்தாவது நாள் இதே மேசைல குடிப்பேன். சரியில்லன்னா இதே தாள்ல கையெழுத்து" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அக்கா" என்றும் சேர்த்தார்.

லாரி வந்தது. ஊரில் பொறுக்குவதற்காக நாற்பது மூட்டையும் திரும்ப ஏறத் தொடங்கின. அத்தானின் முகத்தில் கேஸை முடித்த திருப்தி துளிகூட இல்லை. அவருக்கு வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. "கழிச்சுப் போடுற ஆறு மூட்டைய யார் வாங்குவாங்க?" என்று கேட்டார்.

செயலாளரம்மா தரையைப் பார்த்தார். சுற்று வட்டாரத்தில் கழிவுக் கொட்டையை வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் இந்த அம்மா எட்டுக் கூலியாட்கள் முன்னால் திருடன் என்று சொல்லியிருந்தார்.

"போய் மன்னிப்புக் கேக்கணும்" என்றார் தனக்குத் தானே. "அதே எட்டு பேர் முன்னாடி."

"துணைக்கு மாப்ளே வருவான்" என்றார் அத்தான். அடி விழுகிற இடத்துக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புவார். அக்காவிடம் சொல்ல வேண்டும்.

செயலாளரம்மா கிளம்பும்முன் ஜாடியைத் திறந்து, இடது கையால் ஒரு பிடி அள்ளி, கைக்குட்டையில் முடிந்துகொண்டார். ஊரில் காட்ட வேண்டும் என்றார். பிறகு அத்தானிடம், "போனதும் எல்லாரும் ஒண்ணுதான் கேப்பாங்க சார். திருடன் ஆப்டானான்னு. நான் என்ன சொல்றது?" என்று கேட்டார்.

அத்தானுக்கு அலுப்பு. மூன்று நாள் அலுப்பு. "ஆப்டாங்கன்னு சொல்லுங்க. ஐம்பத்தேழு பேர்னு சொல்லுங்க" என்றார்.

"ஐம்பத்தெட்டு" என்றார் அவர். கைக்குட்டை முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார். "முதல் பிடி என்னோடது. அவங்க யாருக்கும் பொறுக்கவே தெரியாது சார். என் பிடிய நான் நல்லாப் பொறுக்கி, இதே மாதிரி கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துட்டுப் போய், வீடு வீடா அவுத்துக் காட்டி, இந்த மாதிரி குடுங்கன்னு கேட்டேன்."

லாரியின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முடிச்சு மடியில் இருந்தது. அதே ஐம்பத்தேழு வீட்டு வாசலிலும் அதை அவர் மறுபடி அவிழ்க்க வேண்டும்.